பூட்டு அவர்களுடையது, ரகசியம் நம்முடையதா?

ஒரு சர்க்கார் தன் தூதர்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பும் செய்தியை அந்நியன் ஒரு வரி விடாமல் படிக்கிறான் என்றால், அந்த நாட்டின் சுதந்திரத்துக்கு என்ன மதிப்பு? இது அதிகாரிகளின் கவலை, நமக்கென்ன என்று உழைக்கும் மக்கள் ஒதுங்கிவிட முடியாது.

ஸ்விட்சர்லாந்தில் கிரிப்டோ ஏ.ஜி. என்றொரு கம்பெனி இருந்தது. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றும் யந்திரங்களை அது விற்றது. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அவற்றை வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. நடுநிலை நாட்டுச் சரக்கு, நம்பலாம் என்பதே அதன் பெயருக்கு இருந்த மதிப்பு.

உண்மை என்ன? 1970-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மன் உளவு ஸ்தாபனமும் அந்தக் கம்பெனியை ரகசியமாக விலைக்கு வாங்கிவிட்டன! தாங்கள் எளிதில் உடைத்துப் படிக்கும்படி யந்திரங்களை அமைத்தன. 1982-ல் பாக்லாந்து யுத்தத்தின்போது அர்ஜென்டினாவின் செய்திகள் பிரிட்டனின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1993-ல் ஜெர்மனி விலகியது, சி.ஐ.ஏ. 2018 வரை நீடித்தது. 2020 பிப்ரவரியில்தான் பத்திரிகையாளர்கள் குட்டை உடைத்தார்கள்.

அந்தக் கம்பெனியின் ஊழியருக்கு நேர்ந்த கதியையும் பாருங்கள். 1992-ல் ஹான்ஸ் ப்யூலர் என்ற விற்பனை ஊழியரை ஈரான் கைது செய்து 9 மாதம் சிறையில் வைத்தது. அவருக்கோ இந்தச் சூது எதுவும் தெரியாது. பணம் கட்டி அவரை மீட்ட கம்பெனி, பிறகு வேலையிலிருந்து நீக்கியது. கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்டது!

கூலி நெல் அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க வேறொரு மரக்கால் வைத்திருந்த பண்ணையார்களை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். 1956-ல் நாடு முழுவதற்கும் ஒரே எடையளவுச் சட்டம் வந்தது. கிலோ என்றால் எவ்வளவு என்பது இன்று யாருடைய ரகசியமும் அல்ல. எவரும் நிறுத்துப் பார்க்கலாம். செய்திப் போக்குவரத்திலும் இதே நியாயம்தான் வேண்டும். எந்த முறையில் செய்தி பூட்டப்படுகிறது, எப்படிப் போகிறது என்ற விதிகள் பகிரங்கமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதையே திறந்த தரம் என்கிறார்கள்.

“அமைப்பு வெளியே தெரிந்தால் திருடனுக்கும் தெரியாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். இதற்குக் கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் 1883-லேயே பதில் சொல்லிவிட்டார். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு நிற்க வேண்டும். ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே.

நடைமுறையும் இதையே காட்டுகிறது. 2019-ல் பிரான்ஸ் தன் சர்க்கார் ஊழியர்களுக்காக ‘சாப்’ என்ற செய்திச் செயலியை ‘மேட்ரிக்ஸ்’ என்ற திறந்த தரத்தின் மேல் அமைத்தது. வெளிவந்த உடனேயே, சர்க்கார் ஊழியரல்லாதவரும் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை ஒன்றை வெளியார் ஒருவர் கண்டு சொன்னார், அது அடைக்கப்பட்டது. மூடி வைத்த கிரிப்டோ யந்திரத்தின் மோசடியோ அரை நூற்றாண்டு காலம் மறைந்து கிடந்தது!

அந்நியச் சரக்குக்குப் பதில் சுதேசிச் சரக்கு வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. ஸ்விஸ் முத்திரை உலகை ஏமாற்றியது. சுதேசி முத்திரை மட்டும் எப்படி உத்தரவாதமாகும்? கம்பெனி கைமாறலாம், விலை போகலாம். விதி பொதுச் சொத்தாக இருந்தால், ஒரு கம்பெனி போனாலும் இன்னொருவர் அதே வேலையைத் தொடரலாம்.

திறந்த தரங்களுக்கான கொள்கையை இந்திய சர்க்காரே 2010-ல் வெளியிட்டது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. சர்க்கார் செய்திகள் திறந்த தரத்தில், நாட்டுக்குள்ளேயே உள்ள கணினிகளில், சுதந்திரமான நிபுணர்கள் சோதித்த முறையில் செல்ல வேண்டும். சாவி எந்த முதலாளியிடமும் இருக்கக் கூடாது. மத்திய, மாநில சர்க்கார்கள் இதை உடனே செய்ய வேண்டுமென்று கோருகிறோம். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தக் கோரிக்கை எழட்டும்!