தேவாலயமும் ஓவியக்கூடமும்

புளோரன்ஸ் நகருக்குச் செல்லும் மாணவர் பலர் உஃபிசி ஓவியக்கூடத்திற்கே முதலில் விரைகின்றனர். சாந்தா மரியா நோவெல்லா தேவாலயம் அவர்களுக்கு நேரம் எஞ்சினால் பார்க்கும் இடமாகிவிடுகிறது. இவ்வரிசை மாற வேண்டும்.

உஃபிசியில் தூச்சோ வரைந்த அன்னை மரியாளின் பலகை ஓவியம் உள்ளது. ஏறத்தாழ நான்கரை மீட்டர் உயரமுள்ள அதனை, மரியாளின் புகழ் பாடும் அடியார் குழுவொன்று 1285இல் ஒப்பந்தமிட்டு அத்தேவாலயத்திற்கென வரையச் செய்தது. (நெடுங்காலம் அது சிமாபுவேயின் படைப்பென்றே கருதப்பட்டது.) இன்று சிமாபுவே, ஜோத்தோ ஆகியோரின் மரியாள் ஓவியங்களோடு அது ஒரே அறையில் இருக்கிறது. மூன்றையும் ஒருசேர ஒப்பிடும் வாய்ப்பு ஓவியக்கூடம் தந்த கொடையே. ஆயினும் அங்கு நிற்பவர் வண்ணத்தையும் கோட்டையும் ஆராய்வாரேயன்றி, அதன்முன் எழுந்த பாட்டை எண்ணமாட்டார். அத்துணை உயரம் எதற்கென்பது தேவாலயத்தின் ஓங்கிய வளைவுகளின்கீழ் நின்றவருக்கே விளங்கும்.

மசாச்சோவின் மூவொரு இறைவன் சுவரோவியமோ இன்றும் அத்தேவாலயத்திலேயே உள்ளது. தட்டையான சுவர், உள்ளே ஒரு சிற்றாலயமாக ஆழ்ந்து செல்வதுபோல் தோன்றும். அதன் கோடுகள் யாவும், தரையில் நின்று நோக்குபவரின் கண்மட்டத்தைக் கணித்து அங்கேயே குவியுமாறு வரையப்பட்டுள்ளன.