போருக்கு எதிரான பாட்டும் அதைக் கேட்ட காதுகளும்

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, கலிபோர்னியாவின் பாலைநிலப் பகுதியான இண்டியோவில் நடைபெற்ற கோச்செல்லா இசைவிழாவின் பிரதான மேடையில் 'கிறீன் டே' இசைக்குழு பாடியது. இருபது வருடங்களாகத் தான் பாடிவரும் 'ஜீசஸ் ஒஃப் சபேர்பியா' என்ற நீண்ட பாடலில் ஒரேயொரு வரியை அன்று பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ரோங் மாற்றினார். வேதனையிலிருந்து தப்பியோடும் ஓர் அமெரிக்கப் புறநகர் இளைஞனைப் பற்றிய அந்த வரியில் பலஸ்தீனச் சிறுவர்கள் வந்து சேர்ந்துகொண்டனர். துணிவு என்று வரவேற்றவர்களும் இருந்தனர், பழைய பாடலைக் கெடுத்துவிட்டார் என்று சினந்தவர்களும் இருந்தனர். பாட்டுக்காரருக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவர்களும் இல்லாமலில்லை. கடைசிக் கேள்வி எம்மைச் சற்று வியக்கவைத்தது. அந்தப் பாடல் இடம்பெற்ற 'அமெரிக்கன் இடியட்' என்ற இறுவட்டு பிறந்ததே அரசியலில் என்பதை மறந்துவிட்டால் மட்டுமே அவ்வாறு கேட்க முடியும்.

'அமெரிக்க மூடன்' என்று பொருள்படும் அந்த இறுவட்டு 2004 செப்டெம்பர் 21 ஆம் திகதி வெளிவந்தது. ஈராக் மீதான படையெடுப்புத் தொடங்கி ஒன்றரை வருடங்கள் கடந்திருந்தன. அபு கிறைப் சிறைச்சாலையின் படங்களை அதே ஆண்டு ஏப்ரலில் உலகம் பார்த்திருந்தது. படையெடுப்புக்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கிடம் இருக்கவில்லை என்பதை அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே ஒக்டோபர் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு வாரங்களே இருந்த அந்த நேரத்தில் வெளியான இறுவட்டு முதல் வாரத்திலேயே 2 இலட்சத்து 67 ஆயிரம் பிரதிகள் விற்பனையாகி, பில்போர்ட் தரவரிசையின் முதலிடத்தை இக்குழுவுக்கு முதற்தடவையாகப் பெற்றுக்கொடுத்தது. நவம்பர் 2 ஆம் திகதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் சுமார் 30 இலட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் மீண்டும் தெரிவானார். அடுத்த வாரமே பலூஜா நகர் மீதான பெருந்தாக்குதல் ஆரம்பமாகியது. பாடலின் அரசியல் வலிமையைத் தேர்தல் முடிவைக் கொண்டு அளப்பதாயின் விடயம் அத்துடன் முடிந்துவிடும். ஆனால், அந்த இறுவட்டைக் கேட்டவர்கள் அதைப் பற்றி என்ன கூறினார்கள், அவர்களது கருத்துகள் எவ்வாறு மாறின என்பதே ஆராயத்தக்கது.

முதலாவது குற்றச்சாட்டு பங்க் இசையின் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. 1970 களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் உருவெடுத்த பங்க் றொக் என்பது மெருகில்லாத, வேகமான, உரத்த கிற்றார் இசை. பெரிய கம்பனிகளின் தயவை நாடாமை அதன் ஒழுக்கவிதி. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் கில்மன் வீதியிலுள்ள சிறு மண்டபத்தில் வளர்ந்த கிறீன் டே, பெரிய கம்பனியுடன் ஒப்பந்தம் செய்து 1994 இல் 'டூக்கி' இறுவட்டை வெளியிட்டதும் அந்த மண்டபத்தின் விதிப்படி அதன் கதவுகள் அவர்களுக்கு மூடப்பட்டன. 2015 இல்தான் மீண்டும் அங்கு பாடினர். எனவே கம்பனி ஒன்றின் பணத்தில் தொலைக்காட்சியையும் நுகர்வு வெறியையும் சாடும் இறுவட்டை அவர்கள் வெளியிட்டபோது, கோபத்தையும் சந்தைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று பழைய இரசிகர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

பங்க் இரசிகர்கள் எல்லோரும் இடதுசாரிகள் என்று எண்ணுவதும் தவறு. அந்த இசையின் மூலவர்களில் ஒருவரான ராமோன்ஸ் குழுவின் ஜோனி ராமோன், 2002 இல் றொக் இசைக்கான கௌரவ மண்டபத்தில் இடம்பெற்ற வைபவத்தில் ஜனாதிபதி புஷ்ஷை வாழ்த்தி உரையாற்றியவர். 'அமெரிக்கன் இடியட்' வெளிவருவதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர் அவர் காலமானார். மறுபுறத்தில், 'புஷ்ஷுக்கு எதிரான றொக்' என்ற தலைப்பில் பங்க் குழுக்கள் 2004 இல் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டு இளைஞர்களை வாக்காளர்களாகப் பதியத் தூண்டின. இரண்டாவது தொகுப்பில் கிறீன் டேயும் பாடியது. ஒரே இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாக்குச்சாவடியில் எதிரெதிராக நின்றனர்.

எமக்கு மிகுந்த அக்கறையைத் தருவது மூன்றாவது வகைக் கேட்போர். இவர்கள் வரிகளைக் கவனியாது மெட்டில் மயங்கியவர்கள். தம் சொந்தத் துயரை அதில் ஏற்றிக்கொண்டவர்கள். செப்டெம்பர் முடிந்ததும் என்னை எழுப்புங்கள் என்று வேண்டும் பாடல் ஆம்ஸ்ட்ரோங்கின் தந்தையைப் பற்றியது. 1982 செப்டெம்பரில் புற்றுநோயால் தந்தை இறந்தபோது அவருக்கு வயது பத்து. ஆனால், 2005 இல் வெளியான காட்சிப்படம் அதைப் போருக்குச் செல்லும் ஓர் இளம் சிப்பாயினதும் அவனது காதலியினதும் கதையாக்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தபோது அந்த நகரத்தின் ஒப்பாரியாகவும் அது ஒலித்தது. நியூயோர்க் தாக்குதலின் நினைவுப் பாடல் என்று இன்றும் நம்புகின்றவர்கள் பலர். சிறுவன் ஒருவனின் தனிப்பட்ட இழப்பு, போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயின் பாடலாகியது. போரை ஆதரித்த குடும்பங்களும் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டன என்பதை எவரும் மறுக்க முடியாது. எதிர்ப்பு இறுவட்டு ஒன்று அமெரிக்காவில் மட்டும் 60 இலட்சம் பிரதிகளைத் தாண்டியதன் இரகசியமும் இதில்தான் இருக்கின்றது.

விருதுகளின் காலவரிசையும் கவனிக்கத்தக்கது. 2003 மார்ச்சில் லண்டன் மேடையொன்றில் புஷ்ஷையிட்டு வெட்கப்படுவதாக ஒரேயொரு வாக்கியம் கூறிய டிக்சி சிக்ஸ் குழுவின் பாடல்களை நாட்டுப்புற இசை வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. அவர்களது இறுவட்டுகள் பகிரங்கமாக நொறுக்கப்பட்டன. கொலை மிரட்டல்களும் வந்தன. கிறீன் டேக்கு அத்தகைய கதி நேரவில்லை. ஏனெனில், அவர்களது இரசிகர்கள் வேறு வகையினர். 2005 இல் சிறந்த றொக் இறுவட்டுக்கான கிறமி விருதும் 2006 இல் ஆண்டின் சிறந்த பாடல்பதிவுக்கான விருதும் அவர்களுக்குக் கிடைத்தன. 2006 நவம்பரில் காங்கிரஸின் இரு சபைகளிலும் புஷ்ஷின் குடியரசுக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. 2007 பெப்ரவரியில் டிக்சி சிக்ஸ் ஐந்து கிறமி விருதுகளை வென்றது. போர் வெற்றியளிக்கும் என்ற நம்பிக்கை தேயத் தேய, அதை எதிர்த்த பாடல்கள் இனிமையாகிக்கொண்டு வந்தன.

அமெரிக்காவுக்கு வெளியே கதை இன்னும் விசித்திரமானது. 2005 ஜூனில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் இரண்டு நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் பேர் திரண்டு, அமெரிக்க மூடனாக இருக்கத் தமக்கு விருப்பமில்லை என்று ஒரே குரலில் பாடினர். அது படமாகவும் வெளிவந்தது. 'த கில்லர்ஸ்' குழுவின் பாடகர் பிரண்டன் பிளவர்ஸ், அமெரிக்கர் அல்லாதவர்களைக் கொண்டு அதைப் பாடுவித்துப் படமாக்கியது திட்டமிட்ட அமெரிக்க எதிர்ப்பு என்று 2006 இல் கண்டித்தார். அவரது கோபத்தில் எமக்கு உடன்பாடில்லை. எனினும், அவர் காணத் தவறிய ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் பாடிக்கொண்டிருந்த அதே வேளையில் பிரித்தானியத் துருப்புகள் பஸ்ராவில் நிலைகொண்டிருந்தன. அமெரிக்கனை மூடன் என்று ஏசுவதன் மூலம் ரொனி பிளேயரின் நாட்டு இளைஞர்கள் தமது அரசாங்கத்தின் பங்கை ஒரு மாலைப்பொழுதுக்கு மறந்திருக்க முடிந்தது. கிறீன் டே அதற்குப் பொறுப்பல்ல. கேட்டவர்களே பொறுப்பு.

இனி, அந்த இறுவட்டில் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். பாடல்வரிகளில் ஈராக் என்ற சொல் எங்கும் இல்லை. ஈராக்கியர் ஒருவர்கூட அதில் வருவதில்லை. போரை நேரடியாகத் தொடும் 'ஹொலிடே' பாடல் அமெரிக்காவுக்கு எதிரானதல்ல, போருக்கே எதிரானது என்று ஆம்ஸ்ட்ரோங் மேடையில் விளக்குவதுண்டு. நேர்மையான விளக்கம்தான். ஆனால், அந்தப் போர் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நடக்கும் போர். கதாநாயகனின் துன்பம் புறநகர் வாழ்க்கையின் வெறுமை, போதை, கைவிட்டுப்போன காதல் என்பவையே. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பொதுமக்களைப் பலிகொண்ட போரின் மறுமுனையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபத்தில் இடமிருக்கவில்லை. தன் வீட்டுக்குள் நின்று வீட்டாரை ஏசுவதும் ஓர் அரசியலே. பெரும்பான்மை போர்க்கோலம் பூண்டிருக்கும்போது அதன் உள்ளிருந்து எழும் ஒரு குரலின் பெறுமதியை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், அந்தக் குரலில் தமது பெயர் இல்லாததை மறுமுனையில் இருப்பவர்கள் கவனிக்கவே செய்வார்கள்.

மறுமுனையில் அமெரிக்க றொக் இசையை மறுக்க வழியின்றிக் கேட்டவர்களும் இருந்தனர். குவான்டனாமோ உள்ளிட்ட தடுப்பு முகாம்களில் கைதிகளை உறங்கவிடாது வதைப்பதற்கு உரத்த றொக் இசை மணிக்கணக்காக ஒலிக்கவிடப்பட்டது. அதிகாரத்தை எதிர்த்துப் பாடுவதற்கே பெயர்பெற்ற 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' குழுவின் பாடல்களும் அவற்றுள் அடங்கும். 2009 ஒக்டோபரில் அக்குழுவினரும் வேறு பல இசைக்கலைஞர்களும் சேர்ந்து, தமது இசை எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்ற ஆவணங்களை வெளியிடுமாறு அமெரிக்க அரசாங்கத்தைக் கோரினர். அந்த முஸ்லிம் கைதிகளிடம் பாடல் பற்றி அபிப்பிராயம் கேட்டவர் எவருமில்லை.

பாடலில் இடம்பெறாதவர்கள் தாமே பாடத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். இளவயதில் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கரான மைக்கேல் முஹம்மத் நைட், முஸ்லிம் பங்க் இளைஞர்களைக் கற்பனை செய்து 'தக்வாகோர்ஸ்' என்ற நாவலை எழுதி, முதலில் போட்டோப் பிரதியாகவே கையளித்து வந்தார். தக்வா என்ற சொல்லை எமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். அந்தக் கற்பனையைப் படித்த பொஸ்டன் பகுதி பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞர்கள் 'கோமினாஸ்' என்ற குழுவை உருவாக்கினர். இரகசிய ஆதாரங்களின் பேரில் கனடாவில் தடுத்துவைக்கப்பட்ட ஐந்து முஸ்லிம்களை நினைவூட்டும் பெயருடன் அங்கே பெண் பாடகியைக் கொண்ட இன்னொரு குழு தோன்றியது. 2007 இல் சிக்காகோ அருகே நடைபெற்ற வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் மாநாட்டில் இவர்கள் மேடையேறியபோது பொலிஸார் அழைக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களது வரிகள் பலவற்றின் அநாகரிகத்தை நாம் ஏற்பதற்கில்லை. மாநாட்டுக்காரரின் சினமும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும், அமெரிக்க விமான நிலையத்தில் சந்தேகத்துடன் பார்க்கப்படும் இளைஞனின் குரல் அவர்களிடம் இருந்தது. கிறீன் டேயிடம் அது இருக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்குப் பரிச்சயமான உதாரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனில் அகதியாக வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007 இல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலின் அடித்தளம், லண்டன் பங்க் குழுவான 'த கிளாஷ்' 1982 இல் வெளியிட்ட ஒரு பாடலின் இசை. விசாவுக்காக அலையும் குடியேறியைப் பற்றி மேற்குலகம் கொண்டுள்ள பயத்தைக் கேலிசெய்யும் அந்தப் பாடலில் வரும் துப்பாக்கிச் சத்தத்தை எம்.ரி.வி. அமுக்கியே ஒளிபரப்பியது. அதே எம்.ரி.வி.யில் இதயவடிவக் கைக்குண்டை அட்டையில் தாங்கிய 'அமெரிக்கன் இடியட்' பாடல்கள் ஓயாது ஒலித்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

2023 டிசம்பர் 31 இரவு, தொலைக்காட்சிப் புத்தாண்டு நிகழ்ச்சியில் தலைப்புப் பாடலின் ஒரு வரியை டொனால்ட் ட்ரம்பின் ஆதரவாளர்களைக் குத்தும்வகையில் ஆம்ஸ்ட்ரோங் மாற்றிப் பாடினார். அதிகாரத்தை எதிர்த்தவர்கள் இப்போது அதற்காகப் பாடுகிறார்கள் என்று எலோன் மஸ்க் பரிகசித்தார். உலகின் மிகப்பெரிய செல்வந்தர்களில் ஒருவர் அதிகாரத்தைப் பற்றி இவ்வாறு கவலைப்பட்டது இரசிக்கத்தக்கது. ஆனால், கோச்செல்லாவில் பலஸ்தீனச் சிறுவர்களைச் சேர்த்த மாற்றம் வேறு தரத்தது என்பதே எமது கருத்து. உள்வீட்டுச் சண்டையாகவே இருந்த பாடலுக்குள் வெளியிலுள்ள ஒருவர் முதற்தடவையாக நுழைந்திருக்கிறார். இருபது வருடங்கள் தாமதம்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சொற்பம் என்போரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அதே விழாவின் இரண்டாவது வாரத்தில் பலஸ்தீனத்துக்கு ஆதரவான வாசகங்களைத் திரையிட்ட அயர்லாந்தின் 'நீகாப்' குழு, தனது அமெரிக்க விசாவுக்கு அனுசரணை வழங்கிய முகவர் நிறுவனத்தை இழந்தது. ஜூன் மாத இறுதியில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இஸ்ரேலிய இராணுவத்துக்கு எதிராகக் கோஷமெழுப்பிய 'பொப் வைலன்' என்ற பங்க் இரட்டையரின் விசாக்களை அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் இரண்டே நாட்களில் இரத்துச் செய்தது. கிறீன் டேயின் மூவருக்கும் அமெரிக்காவில் பாட விசா தேவைப்படுவதில்லை.