மழைக்கு மன்றாடுவோர் குளத்தைத் தூர்வாரட்டும்

"எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." நம் இல்லங்களில் இதைப்போல் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் வேறில்லை, இதைப்போல் தவறாகக் கையாளப்படும் வாக்கியமும் வேறில்லை. மகளின் திருமணத்திற்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கும்போதும் இதையே சொல்கிறோம்; வரவு செலவு பாராமல் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதும் இதையே சொல்கிறோம். நானறிந்த ஒரு குடும்பத்தில், கூரை ஏறுமுன்னே பணம் தீர்ந்தது, வட்டி வளர்ந்தது, மகனின் படிப்பு பாதியில் நின்றது. "ஆண்டவர் தந்த சோதனை" என்றார்கள். நம் கையால் வெட்டிய குழிக்கு ஆண்டவர் பெயரைச் சூட்டுவது முறையா? இதை விசுவாசம் என்று ஏற்க நான் மறுக்கிறேன். இது பக்தி உடை போர்த்திய சோம்பல்.

"நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இயேசுவே சொல்லவில்லையா?" எனச் சிலர் கேட்கலாம். சொன்னார் (மத் 6:34). அவர் விலக்கியது கவலையை, சிந்தனையை அன்று. கோபுரம் கட்ட விரும்புவோர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவா என்று கேட்டவரும் அவரே (லூக் 14:28). கவலை, நாளையை நம் தோளில் சுமக்க முயல்வது. திட்டம், நாளைக்காக இன்று கை வேலை செய்வது. இரண்டும் ஒன்றல்ல.

கோவை புனித மிக்கேல் பேராலயத்திலிருந்து உக்கடம் பெரிய குளம் வெகு தொலைவில் இல்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறக்கும் நொய்யலின் நீரை அணைகட்டித் திருப்பி, வாய்க்கால் வழியே குளங்களில் தேக்கினர் நம் முன்னோர். அவர்களால் ஒரு துளி மழையையும் படைக்க இயலாது. ஆயினும், வரும் மழையை ஏற்க இடம் செய்து வைத்தனர். 2012இல் பருவமழை பொய்த்தது. 2013 கோடையில், வறண்டு கிடந்த இப்பெரிய குளத்தில் பொதுமக்கள் திரளாக இறங்கித் தூர்வாரினர். வானில் மேகமில்லை, மழை வருமென்று எவரும் உறுதி தரவுமில்லை. ஆனாலும் மண்ணை அள்ளினர். இறைப்பராமரிப்பை நம்புதல் என்பது இதுவன்றோ!

விவிலியமும் இதையே கற்பிக்கிறது. நீரின்றித் தவித்த மூன்று அரசர்களிடம், வறண்ட பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால்களை வெட்டச் சொன்னார் இறைவாக்கினர் எலிசா. காற்றையோ மழையையோ காணமாட்டீர்கள். ஆயினும் பள்ளத்தாக்கு நீரால் நிரம்பும் என்றார் (2 அர 3:16-17). நீர் தந்தவர் ஆண்டவர். மண்வெட்டி பிடித்தவர் மனிதர். அவர் தம் வேலையை நம்மிடம் கேட்பதில்லை. நம் வேலையைத் தாம் செய்வதாக வாக்களிக்கவும் இல்லை.

மறுபுறத்தையும் சொல்லாவிடில் நீதியாகாது. கணக்கில் தவறாதவர்கள் நம்மிடையே உண்டு; அவர்கள் ஏட்டில் ஆண்டவருக்கோ ஏழைக்கோ ஒரு வரியும் இராது. உவமையில் வரும் அறிவற்ற செல்வன் களஞ்சியம் கட்ட எண்ணியதில் பிழையில்லை. 'என்', 'எனக்கு' என்பதற்கு அப்பால் அவன் எதையும் எண்ணாததே பிழை (லூக் 12:16-21). எந்தக் குளத்துக்கும் கலிங்கு வேண்டும். பெரிய குளத்தில் மிகும் நீர் வாலாங்குளத்துக்குச் செல்கிறது. கலிங்கில்லாக் குளம் தன் கரையைத் தானே உடைத்துக்கொள்ளும்.

திட்டமிட்டவன் பலனைக் கண்ணால் காணவேண்டும் என்பதுமில்லை. கோவைத் திருச்சபையின் தொடக்க கால ஆயர் மரியோன் பிரெசிலாக், இந்நாட்டு மைந்தர்களைக் குருக்களாக்க அரும்பாடுபட்டவர். தாயகம் திரும்பி, ஆப்பிரிக்க மறைபரப்புக்கென 1856இல் ஒரு சபையை நிறுவினார். 1859 மே மாதம் சியரா லியோனில் கால் வைத்தவர், ஆறே வாரங்களில் காய்ச்சலுக்கு இரையானார். திட்டம் தோற்றதா? அவர் நிறுவிய சபை இன்றும் பணியாற்றுகிறது. 2020இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர் வாய்க்கால் வெட்டினார். நீர் வந்த நேரம் ஆண்டவருடையது.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்காருங்கள். கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, எளியோர்க்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதியதன் கீழே, "ஆண்டவருக்குத் திருவுளமானால்" என்று யாக்கோபு கற்பித்தபடி (4:15) ஒரு வரி சேருங்கள். அதன்பின் மழைக்கு மன்றாடுவோம்.