தொட்டிலருகே நிற்பவரை அனுப்பியது யார்?

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு அரசின் உரிமம் வேண்டும். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ல் வந்தது. காவலாளியின் நடத்தையும் பின்னணியும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும், அவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது அது. மத்திய அரசின் மாதிரி விதிகள் அந்தப் பயிற்சிக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி என்று கணக்கும் வகுத்திருக்கின்றன. உரிமம் இல்லாமல் நிறுவனம் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாயிற்கதவைக் காக்க வருபவர் விஷயத்தில் இவ்வளவு கவனம் இருப்பது சரியே. ஆனால் அதே குடியிருப்பின் மூன்றாவது மாடியில், கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைக்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் பக்கத்தில் இரவெல்லாம் இருக்க ஒருவரை அனுப்புகிறதே ஓர் ஏஜென்சி, அதற்கு இப்படியொரு உரிமம் தேவையில்லை. ஒரு கைப்பேசி எண்ணும் சுவரொட்டியும் போதும்.

குழந்தைகளுக்கு வீட்டில் செவிலியர் சேவை தரும் ஏஜென்சிகளைத் தனி உரிமத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். தமிழ்நாடு அரசு இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

இந்தக் குழந்தைகள் யார்? குறைமாதத்தில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் மாதக்கணக்கில் போராடிப் பிழைத்தவர்கள். மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்டாலும் விழுங்கும் திறனை இழந்தவர்கள். தசைநார் நோயால் மூச்சு தளர்ந்தவர்கள். மூளை முடக்குவாதத்தோடு வலிப்பும் சேர்ந்துகொண்டவர்கள். புற்றுநோய் சிகிச்சையின் இடைவெளியில் வீட்டுக்கு வந்திருப்பவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் இவர்களில் பலர் மருத்துவமனையை விட்டு உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டார்கள். இன்று வருகிறார்கள் என்றால் அது நம் குழந்தை மருத்துவர்களும் வார்டு செவிலியர்களும் சாதித்தது. வந்த பிறகு அவர்கள் வளர வேண்டிய இடம் வீடுதான். மருத்துவமனைத் தொற்று அண்டாத, அண்ணன் அக்கா சத்தம் கேட்கிற, அம்மாவின் சமையல் வாசம் வருகிற வீடு. அதனால் வீட்டுச் செவிலியர் சேவையை நாம் ஆதரிக்கிறோம். அது பெருக வேண்டும் என்பதால்தான் அதற்கு விதி கேட்கிறோம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், "வீட்டுல ஒரு நர்ஸ் வச்சுக்கிட்டா நல்லது" என்கிறார் மருத்துவர். எங்கே தேடுவது என்று அவரும் சொல்வதில்லை, டிஸ்சார்ஜ் தாளிலும் இல்லை. வார்டில் யாரோ ஒருவர் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுகிறார். பதிவுக் கட்டணம், ஒரு மாத அட்வான்ஸ், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் பேசி முடிந்ததும், "டிரெயின்டு நர்ஸ் அனுப்புறோம் சார்" என்று பதில் வருகிறது. மறுநாள் வெள்ளை கோட்டில் ஓர் இளம்பெண் வந்து நிற்கிறார். அவர் பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவரா, டிப்ளமா முடித்தவரா, ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் சில மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவரா, அதுவும் இல்லாதவரா என்று அந்தப் பெற்றோருக்குத் தெரிய வழியில்லை. தமிழ்நாட்டில் செவிலியர் பதிவுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் இல்லாதவர் செவிலியர் அல்ல. அந்த எண்ணைக் கேட்கலாம் என்பதுகூட நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஏஜென்சியும் அதைச் சொல்ல முன்வருவதில்லை.

முதியவரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருக்கிறதே, குழந்தையையும் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கழுத்தில் வைத்த டிரக்கியாஸ்டமி குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும். காய்ந்த சளி ஒரு துணுக்கு போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாயை உறிஞ்சி எடுக்க வேண்டும், முடியாவிட்டால் கழற்றி வேறு குழாய் போட வேண்டும். எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். அதற்குமேல் போனால் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் நின்று மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். அதனால்தான் படுக்கையருகே அதே அளவில் ஒரு குழாயும் அதைவிட ஓர் அளவு சிறியதாக இன்னொன்றும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள். சக்‌ஷன் குழாயை எவ்வளவு ஆழம் விடலாம் என்பதை அளந்து குறித்து வைத்திருக்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதுவும் குழந்தைக்கான அளவில். பெரியவரின் விரலுக்கான ஆக்சிஜன் மானியைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டிவிட்டு, அது காட்டும் எண்ணை நம்பி உட்கார முடியாது. கழுத்தில் குழாய் உள்ள குழந்தை அழுதால் பெரும்பாலும் சத்தம் வராது. பக்கத்து அறையில் தூங்கும் தாய்க்கு எதுவும் கேட்காது. விழித்திருக்கும் ஒரு ஜோடிக் கண்கள்தான் அந்தக் குழந்தையின் குரல்.

மருந்து விஷயம் இன்னும் நுணுக்கமானது. குழந்தைக்கு எல்லாமே எடைக் கணக்கு. வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் சிரப் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 150 மில்லிகிராம் எழுதியிருந்தால் ஒன்றரை மில்லி. 1.5 என்பதில் உள்ள புள்ளி கண்ணில் படாவிட்டால் 15 மில்லி, பத்து மடங்கு. இன்சுலினில் நம் நாட்டில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட குப்பியும் விற்கிறது, 100 யூனிட் கொண்டதும் விற்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு முதல் வகைக்கு, ஆரஞ்சு மூடி இரண்டாவதற்கு. 100 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துவிட்டால், 10 யூனிட் கோடுவரை இழுத்த சிரிஞ்சிலிருந்து உள்ளே போவது 25 யூனிட். ஆறு வயதுக் குழந்தையின் உடம்பு அதைத் தாங்காது. இதை அறியாத ஒருவரை அனுப்பி வைப்பது அந்தப் பெண்ணுக்கும் செய்யும் அநியாயம்தான். ஏதாவது நடந்துவிட்டால் பழி அவர்மேல் விழும். ஏஜென்சியோ, ஆளை மாற்றி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

சட்டம் என்ன செய்கிறது? தமிழ்நாட்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டு 2018-ல் விதிகளும் வந்தன. ஆனால் அதன் பார்வை நோயாளி தேடிச் செல்லும் கட்டடத்தின் மீதே இருக்கிறது. சிகிச்சை கட்டடத்தை விட்டு வெளியேறி வீட்டுக்குள் நுழைந்துவிட்ட காலம் அந்தச் சட்டத்தில் முழுமையாகப் பதியவில்லை. செவிலியரைக் கவுன்சில் பதிவு செய்கிறது; அவரை வேலைக்கு அனுப்பி லாபம் பார்க்கும் ஏஜென்சியை யாரும் தட்டிக் கேட்பதில்லை. ஆள் வழங்கும் நிறுவனமாகப் பதிந்துகொண்டு, தோட்டக்காரரையும் சமையல்காரரையும் அனுப்பும் அதே அலுவலகம் வென்டிலேட்டர் குழந்தைக்கும் ஆள் அனுப்பலாம்.

இருக்கிற விதியையாவது பயன்படுத்துகிறோமா என்றால் அதுவும் இல்லை. போக்சோ சட்டத்தின்கீழ் 2020-ல் வந்த விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சியகம் என்று உதாரணமும் சொல்கின்றன. பேச முடியாத, நகர முடியாத குழந்தையோடு பூட்டிய அறையில் 12 மணி நேரம் இருப்பவரை அனுப்பும் ஏஜென்சிக்கு இந்த விதி பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்? குழந்தைகள் நலனைக் கவனிக்கும் அரசுத் துறை ஒரே ஒரு சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கிவிடலாம். புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மத்திய அரசின் காப்பீட்டில் பணம் பெறும் வீட்டு மருத்துவ ஏஜென்சிகளுக்கான விதிகளைப் படித்தால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது புரியும். மருத்துவர் அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் அல்லது நோயாளி வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் முதல் மதிப்பீடு நடந்திருக்க வேண்டும். செவிலியர் அல்லாத உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. செவிலியர் சிகிச்சை பெறுபவரின் வீட்டில் உதவியாளரும் இருந்தால், 14 நாளுக்கு ஒருமுறை பதிவுபெற்ற செவிலியர் அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 60 நாளுக்கு ஒருமுறையாவது பராமரிப்புத் திட்டம் திருத்தி எழுதப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் ஆள் போய்ப் பார்ப்பதும் எழுதி வைப்பதும்தான்.

தமிழ்நாட்டு உரிமத்தில் முதலில் இடம்பெற வேண்டியது, யார் எதைச் செய்யலாம் என்ற எல்லைக்கோடு. குழாய், வென்டிலேட்டர், ஊசி, இன்சுலின் ஆகியவற்றைத் தொடுபவர் கவுன்சிலில் பதிந்த செவிலியராக இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது போன்றவற்றுக்கு உதவியாளர் போதும். ஆனால் அவர் உதவியாளர் என்பதைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து, வருபவர் அந்தக் குழந்தையை மருத்துவமனையிலேயே சந்தித்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முழு ஷிப்டு வார்டு செவிலியரோடு நின்று, அந்தக் குழந்தையின் குழாயை, அந்தக் குழந்தையின் வலிப்பை, அந்தக் குழந்தையின் மூச்சை அறிந்துகொண்டு வர வேண்டும். பொதுவான பயிற்சி எவ்வளவு இருந்தாலும் இதற்கு ஈடாகாது. ஏஜென்சியில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். நள்ளிரவில் அழைத்தால் போனை எடுக்க வேண்டியவர் அவர், கணக்குப் பிள்ளை அல்ல. கொடுத்த மருந்து, எடுத்த சளி, வந்த காய்ச்சல் எல்லாம் எழுதிய நோட்டு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அது பெற்றோரின் உடைமை.

இரவுப் பணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "24 மணி நேர டியூட்டி" என்ற பெயரில் ஒரே பெண்ணை வாரக்கணக்கில் ஒரு வீட்டில் தங்க வைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. மனிதப் பிறவி யாரும் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் அருகே பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்களின் சங்கம் 2016-ல் வழிகாட்டியது. ஆகவே 12 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஷிப்டு கூடாது. மாற்று ஆள் வராவிட்டால் பொறுப்பு ஏஜென்சியுடையது. சம்பளத்தில் ஏஜென்சி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பது செவிலியருக்கும் வீட்டாருக்கும் தெரிய வேண்டும். அந்தப் பெண்ணின் பாதுகாப்பும் இதில் அடக்கம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. மாவட்டப் புகார்க் குழுவின் எண்ணை அவர் கையில் கொடுத்து அனுப்புவது ஏஜென்சியின் கடமையாக வேண்டும்.

செலவு கூடும் என்ற எதிர்ப்பு வரும். அது நியாயமான கவலைதான். இப்போதே பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துத்தான் இரவு நர்ஸை வைத்திருக்கின்றன. விதிகளை மட்டும் போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால், வசதியுள்ள வீட்டுக்கு நல்ல செவிலியரும் மற்ற வீட்டுக்கு யாரோ ஒருவரும் என்றாகிவிடும். 1981-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுக் குழந்தை வென்டிலேட்டரோடு மருத்துவமனையிலேயே கிடந்தது. மருத்துவமனையில் இருந்தால் அரசுக் காப்பீடு பணம் தரும், வீட்டுக்குப் போனால் தராது என்பதுதான் காரணம். வீட்டில் பார்ப்பதற்கு ஆகும் செலவோ குறைவு. அதிபர் ரீகன் பகிரங்கமாகப் பேசி அந்த விதியை விலக்க வைத்தார். அடுத்த ஆண்டே சட்டமும் மாறியது. கேட்டி 34 வயதுவரை வாழ்ந்தார். அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிக்கலான நோயுள்ள குழந்தைகளுக்கு வீட்டுச் செவிலியரை உறுதிசெய்யாமல் பராமரிப்பு இல்லங்களில் அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று புளோரிடா மாநிலத்துக்கு எதிராக 2023-ல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

நம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சையை மையமாக வைத்தே இயங்குகிறது. மாதக்கணக்கில் தீவிர சிகிச்சைப் படுக்கையில் வைத்திருப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, உரிமம் பெற்ற ஏஜென்சியின் இரவுச் செவிலியருக்குத் திருப்பிவிடலாம். அந்தப் படுக்கை இன்னொரு குழந்தைக்குக் கிடைக்கும். வீடு தேடிப் போகும் பழக்கம் இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே போகிறார்கள். அந்தச் செவிலியர்களில் சிலருக்குக் குழந்தைகளுக்கான பயிற்சி கொடுத்து, ஏஜென்சிகளை ஆய்வு செய்யும் பொறுப்பையும் தரலாம்.

சிறு ஏஜென்சிகள் மூடப்படும், கிராமத்துப் பெண்கள் வேலை இழப்பார்கள் என்ற வாதத்தையும் கேட்கிறோம். ஓராண்டு அவகாசம் கொடுங்கள். உதவியாளர் பயிற்சியை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசமாக நடத்துங்கள். பயிற்சி பெற்ற பெண்ணின் கூலி உயரும். இதையெல்லாம் செய்ய மனமில்லாத ஏஜென்சி மூடப்பட்டால் அதற்காக வருந்த முடியாது.

சட்டத் திருத்தம் வரும்வரை சுகாதாரத் துறை காத்திருக்க வேண்டாம். இத்தகைய ஏஜென்சிகள் எத்தனை, எந்தெந்த ஊரில், யார் நடத்துகிறார்கள் என்ற கட்டாயப் பதிவை மூன்று மாதத்துக்குள் ஓர் ஆணையால் முடித்துவிடலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கி மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை, குழாயோடு வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் டிஸ்சார்ஜ் தாளிலும் மூன்று வரிகள் கூடுதலாக அச்சிடட்டும்: ஏஜென்சியின் பதிவு எண், வரும் செவிலியரின் கவுன்சில் எண், இரவில் அழைக்க வேண்டிய எண்.