பழவங்காடிப் பிள்ளையாரும் பத்தாயிரம் அடிகளும்

ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு என்ன வாங்கிக்கிட்டுப் போறதுங்கறது, வெளிநாட்டில் பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் உள்ள கவலை. ஒரு காலத்தில் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் போதும். இப்போ அந்த இடத்தைக் கைப்பட்டை பிடிச்சிருக்கு. அதான், எத்தனை அடி நடந்தோம்னு எண்ணிச் சொல்லுமே, அந்தப் பட்டை. அப்பா கையில் அதை மாட்டிவிட்டு, அவர் போனில் செயலியை ஏத்திவிட்டு, நாம சிங்கப்பூரிலோ துபாயிலோ உட்கார்ந்துக்கிட்டு "இன்னிக்கு என்னப்பா மூவாயிரம்தானா?"ன்னு கேக்கலாம். பாசமாம்!

பட்டை கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. அதை எண்ணச் சொல்லலாம். நடக்க வைக்கச் சொல்லக் கூடாது. அது நம்ம வேலை.

முதலில் பட்டையின் பக்க நியாயம். அடி எண்ணும் கருவிகளைப் பற்றி வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2007-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. கருவி மாட்டிக்கொண்டவர்கள் மாட்டாதவர்களைவிட ஒரு நாளைக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்திருந்தார்கள். முக்கியமா, இத்தனை அடின்னு ஒரு இலக்கு வெச்சவங்களுக்குத்தான் பலன். நம்ம ஆட்களுக்கு இது தேவையும்கூட. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நீரிழிவு ஆய்வுப்படி, கேரளத்தில் வயசுக்கு வந்தவங்களில் நாலில் ஒருத்தருக்குச் சர்க்கரை. நடங்கன்னு டாக்டர் சொல்றது சும்மா இல்லை.

ஆனா அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமோ? எந்த மருத்துவரும் எழுதிக் குடுத்த சீட்டு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச மறு வருஷம், 1965-ல், யமாசாங்கற ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேரு 'மான்போ-கேய்'. பத்தாயிரம் அடி மானின்னு அர்த்தம். வாயில் நல்லா நின்ன பேர், உலகம் பூராவும் விதியாயிடுச்சு! 2019-ல் சராசரி 72 வயசுள்ள பதினாறாயிரத்துச் சொச்சம் அமெரிக்கப் பெண்களை வெச்சுச் செஞ்ச ஆய்வில், 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்களுக்கே இறப்பு அபாயம் நல்லாக் குறைஞ்சிருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிசா இல்லை. 2025-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரையும் 7,000-ஐத்தான் நல்ல இலக்குன்னு சொல்லுது. ஆக, எழுபது வயசு மனுஷர் நாலாயிரம் நடந்தா அது தோல்வி இல்லை. அவருக்கு 'இலக்கில் பாதிகூட இல்லை'ன்னு சிவப்பு வட்டம் காட்டுறதுதான் தப்பு.

அடுத்து காசு. நான் இருக்கிற சிங்கப்பூரில் 2015-லிருந்து அரசே தேசிய நடைச் சவால் நடத்துது. நடந்தா புள்ளி, புள்ளிக்கு வவுச்சர். என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் கைவீசி நடப்பார், மிச்சம் எழுநூறு அடிக்காக :-) இதே ஊரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்து 2016-ல் வெளியாச்சு. ஆறு மாசம் சிலருக்குப் பட்டை மட்டும், சிலருக்குப் பட்டையோடு காசு. காசு கிடைச்ச வரைக்கும் நடந்தாங்க. நிறுத்தினதும் அந்த முன்னேற்றம் போயிடுச்சு. வருஷக் கடைசியில் பட்டையைக் கையில் போட்டிருந்தவங்க பத்தில் ஒருத்தர்தான். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் எதுவும் தெரியலை. பட்டைக்காக நடந்தவன், பட்டை அலுத்துப்போனா உட்கார்ந்துடுவான். அவ்வளவுதான் கதை.

அப்போ மனுஷனை எது நடக்க வைக்கும்? எங்க ஊர்ப்பக்கத்தையே பாருங்க. வருஷாவருஷம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேலும், வேளிமலை குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் கிளம்பி, குழித்துறை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியா கிழக்குக்கோட்டைக்கு வந்து சேருவாங்க. 1956-ல் நடுவே மாநில எல்லை வந்தும் அந்த நடை நிக்கலை. சுமார் 55 கிலோமீட்டர், மூணு நாள். கூட நடக்கிறவருக்கு அடிக்கு எழுபது செண்டிமீட்டர்னு வெச்சாலும் எழுபத்தெட்டாயிரம் அடி! சிவராத்திரிக்கு நம்ம குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டம் இன்னும் மேலே. கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா"ன்னு சொல்லிக்கிட்டு, முன்சிறை திருமலையில் ஆரம்பிச்சுத் திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இவங்க எண்ணாம இல்லை. பன்னிரண்டுன்னு எண்ணத்தான் செய்றாங்க. நூத்தெட்டுச் சுத்து சுத்துற பாட்டியும் சுத்துக்கு ஒரு பூ எடுத்து வெச்சு எண்ணுவா. ஆனா எண்ணிக்கை வேண்டுதலுக்கு, வேண்டுதல் எண்ணிக்கைக்கு இல்லை. போய்ச் சேர ஒரு இடம் இருக்கு, கூட நாலு பேர் இருக்காங்க, போகலேன்னா "எங்கே காணோம்?"னு கேக்க ஆள் இருக்கு. நடைக்கு வேண்டியது இதுதான்.

தினசரி வாழ்க்கையிலும் இதே கணக்குதான். பழவங்காடிப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு மாமாவின் நாள் இப்படி: காலையில் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய், அப்புறம் சாலைக் கம்போளத்தில் காய்கறி, கடைக்காரரோடு கால் மணி நேரம் வம்பு, வழியில் பேப்பர், சாயங்காலம் புத்தரிக்கண்டம் மைதானத்தில் என்ன நடக்குதுன்னு ஒரு பார்வை. யாரும் இலக்கு வைக்காமலே ஐயாயிரம் தாண்டியிருக்கும். போன வருஷம் வளைகுடாவில் இருக்கும் மகன் பட்டை அனுப்பினான். ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கான், ரெண்டாயிரம்தான் காட்டுதேன்னு. மாமாவுக்குக் கோபம். "ஏ மக்கா, நான் சாலை வரைக்கும் போயி சாமான் பையைத் தூக்கிக்கிட்டுல்லா வந்தேன்! பை கணக்கில்லையா?" உண்மைதான். மணிக்கட்டுப் பட்டை பெரும்பாலும் கை வீச்சைத்தான் பார்க்கும். அந்தக் கையில் பையோ ஊன்றுகோலோ இருந்தா, இல்லை ரொம்ப மெதுவா நடந்தா, நிறைய அடி விட்டுப்போகும். அதிகம் கஷ்டப்பட்டு நடக்கிற வயசானவங்களுக்குத்தான் குறைச்சு மார்க்!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒண்ணு உண்டு. அதே மகன்தான் இங்கேர்ந்தே அரிசி, காய், பால், மருந்து எல்லாத்தையும் ஆன்லைனில் வீட்டு வாசலுக்கு வரவழைச்சுக் குடுக்கறான். அப்பா வெயிலில் அலையக் கூடாதாம். சாலைக்குப் போற காரணத்தைப் பிடுங்கிட்டு, நடக்கச் சொல்லிப் பட்டை அனுப்பறது என்ன நியாயம்? நம்மில் எத்தனை பேர் இதைப் பண்றோம், யோசிச்சுப் பாருங்க.

முட்டு முடியாதவங்க, விழுந்து எழுந்தவங்க விஷயம் வேற, அவங்களுக்கு வாசலுக்கே வரட்டும். மத்தவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். ஒண்ணு, அப்பாவுக்கு ரெண்டு வேலையாவது மிச்சம் வையுங்க. கொத்தமல்லி அவரே வாங்கட்டும். ரெண்டு, பட்டை குடுத்தா முதல் ரெண்டு வாரம் இலக்கே வேண்டாம். வழக்கமா எவ்வளவு நடக்கிறார்னு பாருங்க. அதுக்கு மேல் ஒரு ஆயிரம் போதும். ஒரு நாள் கணக்கைப் பார்க்காம வாரக் கணக்கைப் பாருங்க. மூணு, அந்த எண் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும். உங்களுக்குக் காட்டணுமா வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். நாலு, ஊரில் இருக்கும் நாட்களில் நடைபாதையைப் பற்றியும் கொஞ்சம் சத்தம் போடுங்க. கிழக்குக்கோட்டையில் 2022-ல் நடைமேம்பாலம் திறந்தாங்க, நல்லது. ஆனா உடைஞ்ச ஸ்லாபும் நடைபாதையில் நிக்கிற பைக்கும் இருக்கிற தெருவில் எந்தப் பட்டை என்ன பண்ணும்?

கடைசியா ஒண்ணு. மாம்பழக் கதையில் மயிலேறி உலகைச் சுத்தினவருக்குத்தான் பட்டை பரிசு குடுத்திருக்கும். பிள்ளையார் நடந்தது பத்திருபது அடி இருக்குமா? ஆனாலும் பழம் அவருக்குத்தான், அப்பா அம்மாவைச் சுத்தினதுக்காக. நாம அவ்வளவு தூரத்திலிருந்து சுத்த முடியாது, சரி. போன் பண்ணும்போது "எத்தனை அடி?"ன்னு கேக்காம, "இன்னிக்கு எங்கே போனீங்க, யாரைப் பார்த்தீங்க?"ன்னு கேக்கலாம். பதில் சொல்றதுக்காகவாவது மனுஷர் நாளைக்குச் செருப்பை மாட்டுவார்.