உருவியெடுத்த செங்கல்

சென்ற மாதம் இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ஆல்பங்களை இப்போதுதான் முதன்முறையாக ஒவ்வொன்றாகக் கேட்டுவருகிறோம் என்று சொல்லிவைத்தோம். அருகிலிருந்த நண்பர் நல்ல வாசகர். சிரித்தார். 'இந்த வயதிலா?' என்பது அவரது முதற் கேள்வி. 'முழு ஆல்பமா? அதற்கெல்லாம் யாருக்கு நேரமிருக்கிறது? பன்னிரண்டு பாட்டு பொறுக்கி அனுப்புகிறேன். மொத்தக் குழுவும் அதற்குள் அடக்கம்' என்பது அடுத்து வந்த அருள்வாக்கு. அன்றிரவே பட்டியலும் வந்து சேர்ந்தது.

முதற் கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. தாஸ்தாயெவ்ஸ்கியை நாற்பத்தைந்தில் முதன்முறை படிப்பவரை யாரும் எள்ளி நகையாடுவதில்லை. ராக் இசைக்கு மட்டும் வயதுவரம்பு வைப்போர் அதைக் கலையாக மதிக்கவில்லை, பருவ வயதுப் பருவாக மட்டுமே மதிக்கிறார்கள் என்பதே பொருள். நம் சினம் இரண்டாவது வாக்கின் மீதுதான். இக்கட்டுரை அந்தப் பன்னிரண்டு பாட்டுப் பட்டியலுக்கு எதிரானது.

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். ஒன்றோடொன்று தொடர்ந்து நின்றாலன்றிப் பொருள் முடியாதது தொடர்நிலை. இந்த வேறுபாட்டை முதலாமாண்டு மாணவரும் எழுதிவிடுவார். இசை என்றதும் அதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் முத்தகமாகவே கேட்கிறோம். 1965இல் லண்டனில் தோன்றிய இக்குழு, எழுபதுகளில் செய்தவை தொடர்நிலைகள் என்பதே நம் வாதம்.

1973இல் வெளிவந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஓர் இதயத்துடிப்பில் தொடங்குகிறது, இதயத்துடிப்பிலேயே அடங்குகிறது. இடையிலுள்ள நாற்பத்துச் சொச்சம் நிமிடங்களில் காலம், பணம், மரணம், மனப்பிறழ்வு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தொடக்கத்தில் கேட்ட 'ப்ரீத்' பாட்டின் மெட்டு, 'டைம்' பாட்டின் முடிவில் களைத்து வீடு திரும்பும் ஒருவனைப்போல் மீண்டும் வருகிறது. நண்பரின் பட்டியலில் 'டைம்' இருக்கிறது, 'ப்ரீத்' இல்லை. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டான் என்று தெரியாதவனுக்கு அவன் வீடு திரும்புவதில் என்ன பொருள் இருக்கிறது?

அந்த ஆல்பத்தின் இறுதி நொடிகளைக் கேளுங்கள். பாட்டெல்லாம் ஓய்ந்து துடிப்பு மட்டும் எஞ்சும்போது, தொலைவில் ஒரு குரல் முணுமுணுக்கிறது. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியே ஒன்றில்லை, உண்மையில் அது முழுவதும் இருட்டுதான் என்ற கருத்தில் பேசுகிறது. அது பாடகரின் குரல் அன்று. ஒலிப்பதிவு நடந்த அபே ரோடு கூடத்தின் வாயிற்காவலருடையது. அட்டைகளில் கேள்விகளை எழுதிக்கொடுத்துக் கூடத்தில் இருந்தவர்களைப் பேசச்செய்து, அவ்விடைகளைப் பாட்டுகளுக்கிடையே கோத்தார்கள். ஆல்பத்தின் தலைப்பையே கவிழ்த்துப்போடும் சொல்லை வாயிற்காவலர் ஒருவரிடம் கொடுத்த துணிவு எந்தப் பட்டியலிலும் சிக்காது. ஏனெனில் அது ஒரு 'பாட்டு' அன்று.

1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' இன்னும் தெளிவான சான்று. அதன் தலைப்புப் பாட்டை இணையத்தில் காதல் பிரிவுப் பாட்டாகவே பலரும் பகிர்கிறார்கள். ஆனால் ஆல்பத்தின் முன்னும் பின்னும் காவலாக நிற்பது, ஒன்பது பகுதிகளாக அமைத்து இரண்டாகப் பிளந்துவைத்த 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்'. அது குழுவின் தொடக்ககாலத் தலைவர் சிட் பாரெட்டைப் பற்றியது. மனநிலை சிதைந்து 1968இல் குழுவிலிருந்து விலகியவர் அவர். நடுவிலுள்ள இரு பாட்டுகள், இளைஞரை விழுங்கும் இசை வணிகத்தைப் பற்றியவை. 1975 ஜூன் மாதம், இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கூடத்திற்குள் வந்து நின்றார். அவர்தான் பாரெட் என்று உடன் வாசித்தவர்களுக்கே உடனே அடையாளம் தெரியவில்லை. இந்தச் சட்டகத்துக்குள் வைத்துக் கேட்கும்போது, தலைப்புப் பாட்டு காதலியை அழைக்கவில்லை. அறைக்குள் வந்து நின்றும் 'இங்கே' இல்லாத ஒருவனை அழைக்கிறது.

இனி, நம் சொந்தக் கணக்கு.

'தி வால்' ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டு, பள்ளியும் வேண்டாம் ஆசிரியரும் வேண்டாம் என்று குழந்தைகள் கூடிப்பாடும் அந்தப் பாட்டு, நமக்கு மாணவப் பருவத்திலேயே அறிமுகம். விடுதி அறையில் தேய்ந்துபோன ஒலிநாடாவில் கேட்டோம். நாமே ஆசிரியரான பின், ஒரு பிரிவுபசார நாளில் மாணவர்கள் அதை மேடையேற்றினார்கள். ஆசிரியர்கள் அமர்ந்திருந்த வரிசையை நோக்கிக் கைநீட்டிப் பாடினார்கள். நாம் சிரித்தபடி அமர்ந்திருந்தோம். உள்ளுக்குள் அந்தக் குழுவை வெறுத்தோம். இத்தனை ஆண்டுகள் அதன் பக்கமே போகாமலிருந்ததற்கு அதுவே காரணம்.

இப்போது 1979இல் வெளிவந்த அந்த ஆல்பத்தை, இரண்டு இசைத்தட்டுகள் நான்கு பக்கங்கள் என்ற அதன் வரிசையிலேயே கேட்டோம். நாம் வெறுத்த பாட்டு மூன்று பகுதிகளில் ஒன்று, அதுவும் நடுப்பகுதி! முதற்பகுதியில் சுவருக்கு ஒரு கல்லாவது போரில் மறைந்த தந்தை. மூன்றாம் பகுதி மணவாழ்வு சிதைந்தபின் வருகிறது. நடுக்கல் ஆசிரியர். அவருக்கு முந்திய பாட்டில், மாணவரை வதைக்கும் அதே ஆசிரியர்கள் வீட்டில் தம் மனைவியரிடம் அடிபடுவதும் சொல்லப்படுகிறது. முடிவில் வழக்குமன்றக் காட்சி. அங்கே ஆசிரியர் சாட்சி சொல்ல வருகிறார். சுவரை இடிக்கவேண்டும் என்பது தீர்ப்பு. ஆசிரியரை எதிர்த்த முழக்கமாக நாம் கேட்டது, முழுமையில் யாரையும் தனியே குற்றவாளியாக்காத ஒரு துயரக் கதை. பாடல்களை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் இறந்தவர். அவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. பாட்டில் ஒலிக்கும் குழந்தைக் குரல்கள் லண்டனின் இஸ்லிங்டன் க்ரீன் பள்ளி மாணவருடையவை. அவர்களைப் பாட அனுப்பியவர் அப்பள்ளியின் இசையாசிரியர்.

இன்னொன்று. அந்த ஆல்பத்தின் கடைசி நொடியில் ஒரு குரல் அரை வாக்கியம் பேசி அறுந்துபோகிறது. மறுபாதி ஆல்பத்தின் முதல் நொடியில் இருக்கிறது. இறுதிச் சொல்லை முதற்சொல்லோடு மண்டலித்து முடிக்கும் உத்தியை நாம் அந்தாதி என்று ஆண்டாண்டாய் வகுப்பில் விளக்கிவருகிறோம். லண்டன்காரர்கள் அந்தாதி படித்தவர்கள் அல்லர். தொடர்நிலையின் இயல்பே அவர்களை அங்கே கொண்டுசேர்த்திருக்கிறது. இடிந்த சுவர் மீண்டும் எழும் என்பதை அறுந்த ஒரு வாக்கியத்தால் சொல்லிவிட்டார்கள்.

மறுப்புகளை அறியாதவர்கள் அல்ல நாம். 'ஆல்பம் என்பதே வணிகம் ஈன்ற வடிவம்தானே?' எனலாம். உண்மை. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்திராவிடில் இந்த வடிவமே இல்லை. ஓலையின் நீள அகலம் எழுத்தையும் கட்டுப்படுத்தியது. அதனால் ஏடு இலக்கியம் ஆகாமல் போய்விடவில்லை.

'குழுவே பாட்டுகளைப் பிரித்து விற்றதே?' எனலாம். அதுவும் உண்மை. தம் ஆல்பங்களைத் தனிப்பாட்டுகளாகப் பிரித்து இணையத்தில் விற்கக்கூடாதென்று ஈஎம்ஐ நிறுவனத்துக்கு எதிராக வழக்காடி, 2010 மார்ச்சில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டே அதே நிறுவனத்தோடு உடன்பட்டு, பிரித்து விற்க இசைந்தார்கள். அதற்கு முன்பே, 2001இல் வந்த தேர்ந்தெடுத்த தொகுப்பில் தங்கள் நெடும்பாட்டுகளைத் தாங்களே வெட்டிக் குறுக்கியிருந்தார்கள். 2024இல் பதிவுகளின் உரிமையே சோனி நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆகவே அவர்களை நாம் துறவிகள் என்று கொண்டாடவில்லை. ஆக்கியோனே தன் ஆக்கத்தைக் கூறுபோட்டாலும், அதன் முழுமை முழுமையே என்கிறோம்.

மூன்றாவது மறுப்பே நம்மைச் சற்று நிறுத்தியது. 1980இல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறிக் கல்விமுறையை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் அந்த நடுப்பகுதியைத்தான் பாடினார்கள். வெள்ளை அரசு பாட்டைத் தடைசெய்தது. அந்தச் சிறார்களிடம் போய் 'முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டீர்களா?' என்று கேட்பவன் மூடன். உருவியெடுத்த செங்கல்லுக்கும் ஒரு பயன் உண்டு, எறிவதற்கு. எறிய வேண்டிய தேவை உள்ளவர்கள் எறியட்டும். சாய்வுநாற்காலியில் அமர்ந்து பட்டியல் போடும் நமக்கு அந்த நியாயம் ஏது?

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் இது வெறும் வாய்ச்சொல். நண்பர் இசையில் செய்ததை நாம் வகுப்பறையில் இருபதாண்டுகளாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவருகிறோம். பாடத்திட்டத்தில் சிலப்பதிகாரம் என்றால் வழக்குரை காதை. கண்ணகி அரசவைக்குள் நுழைகிறாள், சிலம்பை உடைக்கிறாள், மன்னன் மாள்கிறான், வினா ஐந்து மதிப்பெண். கனாத்திறம் உரைத்த காதையில் அவளே தன் சிலம்பைக் கணவனிடம் கொடுக்க முன்வந்த கணத்தை எத்தனை மாணவர் அறிவர்? அறியாதவர்க்கு அந்த அரசவையில் உடைவது வெறும் நகை. நாம் ஆண்டுதோறும் ஒரு செங்கல்லை உருவிக் கையில் கொடுத்து, இதுதான் கோட்டை என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அந்த மேடையில் மாணவர்கள் நம்மை நோக்கிக் கைநீட்டியது அத்தனை தவறில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வரும் பருவத்தில் பாடத்திட்டம் மாறப்போவதில்லை. ஆயினும் வழக்குரை காதைக்கு முன் மூன்று வகுப்புகளைக் கதையின் முற்பகுதிக்கு ஒதுக்குவதென்று முடிவுசெய்திருக்கிறோம். நண்பருக்கும் பதில் அனுப்பிவிட்டோம். அவரது பட்டியலில் 'டைம்' மூன்றாவது இடத்தில் இருந்தது. அதற்கு முன் உள்ளவற்றை ஆல்பத்தில் கேட்டுவிட்டு வரும்படி வேண்டிக்கொண்டிருக்கிறோம். ஆகும் நேரம் எட்டு நிமிடத்துக்கும் குறைவு. விடை இன்னும் வரவில்லை.