ஒரு மணி நேரப் பயணமும் பயணமே!

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். சுகவீனமுற்ற தாயாரைத் தம் சகோதரரின் துணையுடன் பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் கூட்டிச் சென்றாராம். "ஒரு மணி நேரத்தில் போய் இறங்குவதற்குப் பெயர் பிரயாணமா? அதற்கு ஒரு கஸ்ர் தொழுகையா?" என்று உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதனால் அஸரை அங்கே போய் முழுமையாகவே தொழலாம் என்று இருந்துவிட்டார். இறங்கியபின் தாயாரைக் கவனித்து, பெட்டிகளைச் சேர்த்து, தங்குமிடம் போய்ச் சேரும்போது மஃரிப் பாங்கு கேட்டதாம். "அஸர் களாவாகிவிட்டதே, நான் செய்தது சரியா?" என்று மனம் நொந்து கேட்கிறார்.

சகோதரியே! உங்கள் பேணுதலை அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆனால் சலுகையை விட்டுக் கடமையைத் தவறவிடுவது பேணுதல் ஆகாது. அந்த அஸரைக் களாச் செய்துவிடுங்கள். இனி, சட்டத்தைப் பார்ப்போம்.

நமது ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கு அளவுகோல் தூரமே தவிர நேரமல்ல. இரண்டு மர்ஹலா தூரம் வேண்டும். அதனைச் சமகால உலமாக்கள் பலர் ஏறத்தாழ 80 முதல் 90 கிலோமீற்றர் வரை எனக் கணிக்கின்றனர். பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே ஆகாய வழியில் சுமார் 185 கிலோமீற்றர். சென்னைக்கோ சுமார் 355 கிலோமீற்றர். இரண்டுமே அந்த எல்லையைத் தாராளமாகக் கடந்தவை.

1964ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முன், நம் முன்னோர் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் திருச்சி போனார்கள். 2025 மார்ச்சில் ஆரம்பமான பலாலி - திருச்சி விமான சேவையில் அதே கடலை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். நேரம் சுருங்கியதே தவிர தூரம் சுருங்கவில்லை.

விமானத்தைக் கனவிலும் காணாத காலத்தில், ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விடை எழுதி வைத்துவிட்டார்கள். கடலும் தரையைப் போன்றதே. அத்தூரத்தைக் கப்பல் சொற்ப நேரத்தில் கடந்தாலும் கஸ்ர் செய்யலாம் என்பது 'மின்ஹாஜ்' நூலில் அவர்கள் தரும் சட்டம்.

அச்சம் நீங்கிய பின்னும் ஏன் கஸ்ர் என்ற ஐயம் உமர் (ரழி) அவர்களுக்கே எழுந்தது. அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ரப்பு தரும் தர்மத்தை வாங்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனிப் பயணம் போகும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

உங்கள் ஊர் எல்லையைக் கடந்த பின்னரே கஸ்ர் ஆரம்பமாகும். வீட்டில் தொழுதால் நான்கு ரக்அத்துத்தான். பகல் விமானமானால், லுஹர் நேரம் வந்தபின் விமான நிலையத்திலேயே லுஹரை இரண்டாகவும், தொடர்ந்து அஸரை இரண்டாகவும் தொழுதுவிடலாம். லுஹர் தொழும்போதே ஜம்உ செய்யும் நிய்யத் வேண்டும். இரண்டுக்குமிடையே நீண்ட இடைவெளி கூடாது. மஃரிபிலும் ஸுப்ஹிலும் கஸ்ர் இல்லை. ஊரில் தங்கியுள்ள இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும்.

போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணமிருந்தால், அங்கு சேர்ந்தது முதல் முழுமையாகத் தொழ வேண்டும். "இன்று விடுவோம், நாளை விடுவோம்" என்று வைத்தியர் சொல்லிக் கொண்டிருக்கும் நிலையென்றால், 18 நாட்கள் வரை கஸ்ர் செய்யலாம்.

சகோதரியே, அடுத்த முறை கடவுச்சீட்டையும் மருத்துவ அறிக்கைகளையும் எடுத்து வைக்கும்போது தொழுகை நேரத்தையும் ஒரு துண்டில் குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாயாருக்கு அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.